பத்தொன்பதாம் இதழும் ஈப்போக்காரர்களும்

தங்கை மல்லிகாவுக்குத் தலைப்பிரசவம். அம்மாவுக்கு மூட்டுவலி, விமானமா, நான் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அதனால் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை விடுமுறையில், திண்டுக்கல்லில் பெண்கள் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியையாக இருந்த நான், சுக்கு, திப்பிலி, ஓமம், பூண்டு லேகியம் எல்லாம் கட்டிக்கொண்டு, அவள் இருக்கும் மலேசிய ஈப்போவுக்குப் புறப்பட்டேன்.

மூட்டையின் அடியில் பழைய சித்திரக்கதைப் புத்தகங்களும் இருந்தன. அது அம்மாவுக்குத் தெரியாது.

சுங்கத்தில் ஒரு மலாய் அதிகாரி பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மோந்து பார்த்தார். திப்பிலிப் பொடி மூக்கில் ஏறி அடுக்கடுக்காகத் தும்மினார். நான் பயந்துபோனேன். ஆனால் அவர் புத்தகங்களை எடுத்ததும் பொடிகளை மறந்துவிட்டார். தமிழ் தெரியாது, படம் படமாகப் புரட்டினார். பின்னால் வரிசை நீண்டது. கடைசிப் பக்கம் வரை போய்விட்டு, இந்த ஆள் தப்பிப்பானா மாட்டானா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அதுதான் சார் யாருக்கும் தெரியவில்லை என்றேன். சிரித்துக்கொண்டே மூட்டையில் சாக்கட்டியால் குறி போட்டு அனுப்பிவிட்டார்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் கையில் இருந்தது 'கலங்கரை கதிர்' பதினெட்டாம் இதழ். அறுபதுகளில் சென்னையிலிருந்து மாதம் ஒன்றாக வந்த படக்கதைத் தொடர் அது. கதிர் ஒரு கலங்கரை விளக்கக் காவலன். கடத்தல்காரர்களையும் கடற்கொள்ளைக்காரர்களையும் தனியாளாகச் சமாளிப்பான். பதினெட்டாம் இதழின் முடிவில், யாரோ விளக்கை அணைத்துவிட, கதிர் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலுக்கு மேலே தொங்குகிறான். காலில் அந்தக் கயிறே சுற்றியிருக்கிறது. தொடரும் என்று போட்டிருந்தது. அடுத்து வந்த புத்தகத்தில் இருபது என்று எண் இருந்தது. அதில் கதிர் இடது கையில் கட்டோடு வேறொரு துறைமுகத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறான். எப்படித் தப்பினான், கை எப்படி உடைந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. முப்பத்தாறோடு தொடரும் நின்றது, பதிப்பகமும் மூடப்பட்டது.

பத்தொன்பது வந்ததா, வரவில்லையா? சித்திரக்கதை வாசகர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் ஒரு சிறு மாத இதழின் கேள்வி பதில் பக்கத்தில் இந்தக் கேள்வி வருடத்துக்கு ஒருமுறையாவது தலைகாட்டும். அந்தப் பக்கத்தில் நானும் எழுதுவேன், 'வி.எஸ்., திண்டுக்கல்' என்று. என் கேள்விகள் பலவற்றுக்குப் பதில் எழுதியவர் 'மைதீன், ஈப்போ'. பிறகு நேரடியாகவே கடிதம் எழுதிக்கொண்டோம். ஈப்போ வருகிறேன் என்று எழுதியபோது, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு வாங்க, நாங்க எல்லாரும் இருப்போம் என்று பதில் வந்தது.

*

மல்லிகாவின் வீடு குனோங் ராபாட்டில், வரிசை வீடுகளில் ஒன்று. பின்கதவைத் திறந்தால் சுண்ணாம்பு மலை நேராக எழுந்து நிற்கும். எங்கள் ஊர் மலை மொட்டைப் பாறை. இது பாதிவரை பச்சை, மேலே வெள்ளை. விடியற்காலையில் இடுப்பு வரை மேகம் கட்டிக்கொண்டிருக்கும். தெருவில் காலையில் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் மோட்டார் கிளம்பும். மோட்டார் என்றால் அங்கே மோட்டார் சைக்கிள். சாலைக்குச் சடக்கு. காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறல். பசியாறியாச்சா என்று முதல்நாள் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டபோது, எனக்கு என்ன பசி இருந்தது, அதை எப்படி இவள் கண்டுபிடித்தாள் என்று யோசித்தேன்.

முதல் ஞாயிறு மல்லிகாவின் கணவர் ரவி என்னைக் காரில் மைதீன் கடை வாசலில் இறக்கிவிட்டார். நல்ல மனிதர், வங்கியில் வேலை. புத்தகம் பேசுவதற்காக ஆட்களைத் தேடிப் போகிற ஒருவரை முதல்முறையாகப் பார்க்கிறேன் அக்கா என்று மட்டும் சொன்னார்.

பழைய டவுனில், முன்னால் ஐந்தடி நடைபாதை விட்ட மாடிக் கட்டடம். கீழே நம் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் தட்டும் சாப்பாட்டுக்கடை, மேலே சரக்கறை. கல்லா மேசையில் நாற்பதை ஒட்டிய, தொப்பி போட்ட ஒருவர் தேநீரை இரு குவளைகளுக்கு நடுவே கை நீளத்துக்கு நீட்டி ஆற்றிக்கொண்டிருந்தார். நான் திண்டுக்கல் என்றதும் குவளையைக் கீழே வைத்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"சார் எங்க?" என்றார்.

சார் நான்தான் என்றேன். அவருக்கு அதை விழுங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு எழுந்து நின்று, நாற்காலியைத் துண்டால் துடைத்து, "உக்காருங்க டீச்சர். இவ்வளவு நாளா ஒங்கள நான் அண்ணேன்னுல்ல எழுதிக்கிட்டு வந்தேன்" என்றார்.

உள்மேசையில் தபால் ஆபீஸ் குமாஸ்தா தனபால் இருந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் பூதக்கண்ணாடி. நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். ரொட்டி வந்தது, பருப்புக் குழம்பு வந்தது, கேள்விகளும் வந்தன. அந்த ஊர் ஈரக்காற்றில் புத்தகத்தின் ஊசிகள் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடுகின்றன, இந்தியாவில் என்ன செய்கிறீர்கள் என்று தனபால் கேட்டார். ஊசியைக் கழற்றிவிட்டு நூலால் தைத்துவிடுவேன் என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஊசி போனால் அசல் போச்சு என்பது அவர் கட்சி. கரப்பானுக்கு நான் வசம்பு வைப்பேன் என்றேன். அவர்கள் பாண்டான் என்கிற வாசனை இலை வைக்கிறார்களாம். எந்த இதழில் அட்டைக்கு வேறு ஓவியர், எந்த அச்சில் கதிரின் சட்டை பச்சையிலிருந்து நீலமாக மாறியது, பழைய பேப்பர் கடையில் கட்டாக வாங்கும்போது நடுப்பக்கம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று பேச்சு ஓடியது. அந்த மேசையில் நான் பேசியதை யாரும் வினோதமாகப் பார்க்கவில்லை. என் ஊரில் இப்படி ஒரு மேசை எனக்கு வாய்த்ததில்லை.

நான்காவது நாற்காலி காலியாக இருந்தது. வாடிக்கையாளர் யாராவது இழுக்க வந்தால் மைதீன் வேறு நாற்காலி கொடுத்தார். யாருக்கு என்று கேட்டேன். மைதீன் எழுந்து கல்லாவுக்குப் போய்விட்டார். தனபால்தான் சொன்னார்.

அது சுப்பையாவுடையது. செமோரில் வீடு. தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனிக்கும் டிரஸர் வேலை. மைதீனும் அவரும் மச்சான் மச்சான் என்று பதினைந்து வருடப் பழக்கம். வீட்டில் கறையான் என்பதால் சுப்பையாவின் புத்தகங்கள்கூட மைதீன் கடை மாடியில்தான் இருக்கின்றன. சண்டை பத்தொன்பதாம் இதழால் வந்தது. சின்ன வயதில் தோட்டத்தில் இருந்தபோது அதைப் படித்திருக்கிறேன் என்று சுப்பையா எப்போதும் சொல்வார். அப்போதெல்லாம் பேரா மாநிலம் முழுவதற்கும் சென்னைப் புத்தகங்களை வரவழைத்தவர் மைதீனின் தகப்பனார். பத்தொன்பது என்று ஒன்று வரவேயில்லை என்று அவர் சொன்னதை மைதீன் திரும்பச் சொல்வார். வருடக்கணக்காக அது சிரிப்பாகத்தான் இருந்தது. ஒருநாள் பேச்சு முற்றி, ஒங்க அத்தா வந்த சரக்கை வேற கடைக்குத் தள்ளிவிட்டுட்டு இல்லேன்னு சொல்லியிருப்பாரு என்று சுப்பையா சொல்லிவிட்டார். மைதீனின் அத்தா இறந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நீ தஞ்சோங் ரம்புத்தானுக்கு வேலைக்குப் போறியா, வைத்தியத்துக்குப் போறியா என்று மைதீன் கேட்டார், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது. சுப்பையா கை கழுவிவிட்டு எழுந்து போனார். பிறகு வரவில்லை.

மைதீன் திரும்பி வந்து உட்கார்ந்தார். நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் டீச்சர் என்றார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தப் பதிப்பகத்துக்கு மதுரையில் முகவராக இருந்தவரைத் தேடிப்பிடித்துக் கேட்டிருக்கிறேன். அந்த மாதம் அச்சகத்தில் வேலைநிறுத்தம். எண் மட்டும் ஓடிவிட்டது, புத்தகம் அச்சாகவில்லை.

வென்றுவிட்டேன் என்று அவர் மேசையைத் தட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் தொங்கிப்போனது.

"அப்ப அவன் சொன்னது பொய்யாயிருச்சா?" என்று மெதுவாகக் கேட்டார். "பொய் சொல்ற ஆளு இல்ல லா அவன்."

சுப்பையா படித்ததாகச் சொன்ன கதைதான் என்ன என்று கேட்டேன். கதிர் இடுப்பிலிருந்து ஒரு கத்தியை எடுத்துக் கயிற்றை அறுக்கிறான். கீழே நிற்கும் படகில் கித்தாப் பால், அதாவது ரப்பர் பால், நிறைய இருக்கிறது. அதில் விழுந்து தப்பிக்கிறான். கடல் முழுக்க ரத்தச் சிவப்பு. அந்தக் கத்தி பால்மரம் வெட்டுகிற கத்தி, நுனி வளைந்தது. அதைக் கேட்டுத்தான் நாங்கள் அதிகம் சிரித்தோம் என்றார் தனபால்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பால்மரத்தையே பார்த்திராத ஒரு சென்னை ஓவியருக்கு அந்தக் கத்தியின் நுனி எப்படித் தெரியும்? பொய் சொல்கிறவன் நம்புகிற மாதிரி அல்லவா சொல்வான்? சுப்பையா எதையோ பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அது சென்னையிலிருந்து வந்ததாக இருக்க முடியாது. அவரைப் பார்க்க வேண்டும் என்றேன். மைதீன் மறுப்புச் சொல்லவில்லை. நான்தான் அனுப்பினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றார்.

*

அந்த வாரம் மல்லிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். என் சுக்குப் பொட்டலங்களுக்கு வீட்டில் ஒரு போட்டியாளர் வந்து சேர்ந்தார். மலாய் மருத்துவச்சி, பீடான் என்பார்கள். தினமும் காலையில் வந்து மல்லிகாவுக்கு எண்ணெய் தேய்த்து, வயிற்றில் நீளத் துணியைச் சுற்றிச் சுற்றி முடிச்சிடுவார். நான் பூண்டு லேகியத்தை நீட்டினால் அவர் மோந்து பார்த்துத் தலையை ஆட்டுவார். அவர் இஞ்சியில் ஏதோ அரைத்துக் கொடுத்தால் நான் மோந்து பார்ப்பேன். மூன்றாம் நாள் அவர் என் லேகியத்தில் ஒரு உருண்டை கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதன்பின் எங்களுக்குள் வம்பில்லை. இருவர் வைத்தியத்தையும் சேர்த்துத் தின்ற மல்லிகாதான் பாவம்.

ரவியின் பெரியம்மா உதவிக்கு வந்ததும் எனக்கு ஒரு பகல் கிடைத்தது. தனபால் சுப்பையாவின் வேலையிடத்தைத்தான் சொல்லியிருந்தார். ஆகவே பேருந்து நிலையத்தில் தஞ்சோங் ரம்புத்தான் என்று கேட்டேன். நடத்துநர் என்னை ஏற இறங்கப் பார்த்து, கையைப் பிடித்து ஏற்றி, தனக்குப் பக்கத்து இருக்கையிலேயே உட்காரவைத்தார். எதற்கு இந்த மரியாதை என்று புரியவில்லை. அடுத்த இருக்கை மலாய் அம்மாள் தன் மகளிடம் ஏதோ சொல்ல, அந்தப் பெண் ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னாள்: எல்லாம் நல்லபடியாகும், கவலைப்படாதே என்கிறார் அம்மா. நான் ஒருவரிடம் ஒரு படக்கதையைப் பற்றிக் கேட்கப் போகிறேன் என்று விளக்கினேன். அவள் அதை மொழிபெயர்த்தாள். அம்மாள் இன்னும் கனிவாக என் கையைத் தட்டிக்கொடுத்து ஒரு ஆரஞ்சு மிட்டாய் தந்தார். அந்த ஊர்ப் பெயருக்கு அங்கே என்ன பொருள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கம் கீழ்ப்பாக்கம் என்று சொல்வது போல.

வாசல் காவலாளி தமிழர். சுப்பையாவுக்கு இன்று விடுமுறை, வீட்டில் இருப்பார் என்று சொல்லி, செமோர் போகிற ஒரு கூட்டு டாக்ஸியில் ஏற்றிவிட்டார். ஒரு பக்கம் பால்மரக் காடு. மறுபக்கம் பால்மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் கன்று நட்ட வெளி. நடுநடுவே ஈயம் தோண்டிய குட்டைகள், பச்சைத் தண்ணீரோடு.

வீடு பலகையும் தகரமுமாகச் சிறியது. வாசலில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சுப்பையா இருக்காரா என்று கேட்டேன். ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி என் சுங்குடிப் புடவையை, செருப்பை, கைப்பையைப் பார்த்தார்.

"மீன் புடிக்கப் போயிருக்காரு. நீங்க?"

திண்டுக்கல்லிலிருந்து வருகிறேன் என்றேன். இந்தியாவா என்றார். ஆமாம் என்றதும் உள்ளே வரச்சொல்லி, கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அவர்தான் சுப்பையாவின் மனைவி அஞ்சலை. எப்படிப் பழக்கம் என்று கேட்டார். நேரில் பழக்கமில்லை, அவருடைய நண்பர்களோடு கடிதப் போக்குவரத்து என்றேன். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று புரிந்தது.

அஞ்சலை சத்தம் போடவில்லை. முந்தானையின் ஓரத்தைப் பிசைந்தபடி சொன்னார்: "ஞாயித்துக்கெழமையானா சங்கக் கூட்டம்னு ஈப்போ போவாரு. இப்ப ஏழெட்டு மாசமா போறதில்ல. சரியா சாப்புடுறதில்ல. கேட்டா ஒண்ணுமில்லங்கிறாரு. நீங்க நல்லவங்க மாதிரி இருக்கீங்க. எதா இருந்தாலும் சொல்லிருங்கக்கா, நான் தாங்கிக்குவேன்."

கோப்பியைக் கீழே வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சங்கம் இல்லை, சாப்பாட்டுக்கடை. கூட்டம் இல்லை, படக்கதைப் பேச்சு. சண்டை ஒரு புத்தகத்தால். அவர் நம்பவில்லை. வளர்ந்த ஆம்பளைங்க பொம்மைப் புஸ்தகத்துக்கா இப்படி முகத்தைத் தூக்கி வச்சுக்குவாங்க என்றார். வளர்ந்த பொம்பளை நானே அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்றேன். அது கொஞ்சம் வேலை செய்தது. கதையைச் சொல்லுங்கள், என்னதான் என்று பார்க்கிறேன் என்றார்.

விளக்கு அணைந்ததைச் சொன்னேன். கயிற்றில் தொங்கியதைச் சொன்னேன். கடல் சிவப்பாக இருந்ததாம், இவர் பால் வெட்டும் கத்தியால் கயிற்றை அறுத்தாராம், ஊரே சிரித்ததாம் என்றேன்.

அஞ்சலை முந்தானையை விட்டுவிட்டார்.

"படகுல கித்தாப் பாலு இருந்துச்சுன்னு சொன்னாரா?"

நான் படகைப் பற்றி இன்னும் வாயே திறக்கவில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"நாந்தானக்கா அவன அதுல விழ வச்சேன்" என்றார் அஞ்சலை.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். தோட்டத்தில் தாய்மார்கள் பால் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகையில், பதினாலு வயதில் வேலை. கைக்குழந்தைகளைத் தொட்டிலில் ஆட்டுவதும் பெரிய பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுவதும். மாதம் ஒருமுறை கதிர் புத்தகம் தொழிலாளர் லயத்து வீடுகளில் கைமாறிக் கைமாறி வரும். படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு அஞ்சலைதான் படம் காட்டிச் சொல்வார். கதிர் கயிற்றில் தொங்கிய மாதத்துக்குப் பிறகு புத்தகம் வரவில்லை. பிள்ளைகள் விடவில்லை. கதிரு விழுந்துட்டானா அக்கா, செத்துட்டானா அக்கா என்று ஒரு சின்னப் பெண் சாப்பிடாமல் அழுதது. அதனால் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அவரே வரைந்தார். கரிக்குச்சி, தோட்டத்துக் கணக்கரான கிராணியார் வீசியெறிந்த சிவப்புப் பென்சில் ஒன்று. வேறு வண்ணம் இல்லை. ஊசி நூலால் தைத்தார். அது தோட்டத்தின் மேல் பிரிவான மேல் டிவிஷனில் சுற்றி, கீழ் டிவிஷனுக்குப் போய், திரும்பி வரவேயில்லை. கீழ் டிவிஷனில்தான் சுப்பையா வீடு. சில வருடங்கள் கழித்துப் பெரியவர்கள் பேசிக் கல்யாணம் முடித்தார்கள். அவர் கதிர் படிப்பார் என்று அஞ்சலைக்குத் தெரியாது. பொம்மைப் புத்தகம் என்றால் பெண்டாட்டி சிரிப்பாள் என்று அவர் மறைத்து வைத்திருந்தார். தான் வரைந்ததை அஞ்சலையும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படி அதில் ஒன்றுமில்லை என்று நினைத்தாராம்.

சுப்பையா மீனோடு வந்தார். உயரமான, அதிகம் பேசாத மனிதர். நான் வி.எஸ். என்றதும் கும்பிட்டார், மைதீன் பெயரைக் கேட்டதும் முகம் இறுகியது. அஞ்சலை மீனை வாங்கி உள்ளே வைத்தார். சுவரில் தொங்கிய நாட்காட்டியிலிருந்து முடிந்துபோன மாதத்தைக் கிழித்து, மகளின் பென்சிலை எடுத்து, அடுப்படித் தரையில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தார். நான் எட்டிப் பார்த்தேன். கற்றுக்கொண்ட கை இல்லை; ஆனால் தயக்கமும் இல்லை. ஒரே கோட்டில் தாடை வந்தது. தொங்குகிற ஆள் வந்தான். காதுகள் மட்டும் அப்பளம் மாதிரி பெரிதாக இருந்தன. சோறு போட்டுத் தட்டை வைத்துவிட்டு, பக்கத்தில் அந்தத் தாளையும் வைத்தார்.

சுப்பையா சோற்றில் கை வைக்கவில்லை. தாளைப் பார்த்தார்.

"அதே காது" என்றார். அவ்வளவுதான்.

பிறகு மனைவியைப் பார்த்தார். எவ்வளவோ கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்: "அந்த வெளக்க அணைச்சது யாரு?"

"அத நான் யோசிக்கவேயில்ல" என்றார் அஞ்சலை. "தாளு முடிஞ்சு போச்சு."

சுப்பையா சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து பின்பக்கம் போனவர் வாழைமரத்துப் பக்கம் வெகுநேரம் நின்றார். அஞ்சலை போகப் பார்த்தார். நான் கையைப் பிடித்தேன். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"அப்ப மைதீன் அத்தா பொய் சொல்லலை" என்றார். "வராத புஸ்தகத்த வரலேன்னுதான் அவரு சொன்னாரு. நாந்தான் கையால வரைஞ்சதுங்கிறதயே மறந்துட்டு, அந்த மனுசன் போன பெறகு திருடன்னு சொல்லிட்டேன்."

*

அடுத்த ஞாயிறு அவர்கள் இருவரும் மோட்டாரில் வந்து மைதீன் கடை முன்னால் இறங்கியபோது நான் உள்மேசையில் இருந்தேன். அஞ்சலை சந்தன நிறப் புடவையில், கோயிலுக்குப் போகிற மாதிரி வந்திருந்தார். தனபால் பூதக்கண்ணாடியைப் பையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

மைதீன் தேநீர் ஆற்றுவதை நிறுத்தவில்லை. ஆனால் குவளை நிரம்பி வெளியே வழிந்தது. சுப்பையா கல்லா முன்னால் போய் நின்றார். அன்றைக்குக் கடையில் கூட்டம் இருந்தது. கூட்டம் கேட்கிற மாதிரியே பேசினார்.

"மச்சான், அத்தாவப் பத்தி நான் சொன்னது தப்பு. அந்தப் புஸ்தகம் வரவே இல்ல. நான் படிச்சது வேற."

மைதீன் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "நானும் பேசக்கூடாததப் பேசிட்டேன். ஆஸ்பத்திரியச் சொல்லி..." என்றவர் முடிக்கவில்லை. "பசியாறிட்டியா?" என்றார்.

இல்லை என்றார் சுப்பையா. நாலாவது நாற்காலிக்குப் பக்கத்தில் ஐந்தாவது போடப்பட்டது.

நான் நடந்ததைச் சொன்னேன். தனபால் அஞ்சலையை வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. எத்தனை பக்கம், அட்டை இருந்ததா, எழுத்து மேலேயா கீழேயா, மேல் டிவிஷனில் யார் யார் படித்தார்கள். அஞ்சலை முதலில் சுப்பையாவைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பார்ப்பதை விட்டுவிட்டார். அட்டை இருந்தது, ஒரு கைக்குழந்தை சப்பித் தின்றுவிட்டது என்றபோது தனபால் மறுபடி நெஞ்சில் கை வைத்தார். இதைப் பத்தொன்பது என்று சொல்லலாமா கூடாதா என்று ஒரு வாக்குவாதம் கிளம்பியது. அச்சாகாதது இதழ் இல்லை என்றார் மைதீன். ஒரு தோட்டமே படித்தது இதழ் இல்லாமல் என்ன என்றார் சுப்பையா. குரல் உயர்ந்தது. ஆனால் இந்தமுறை இருவரும் ஒரே தட்டிலிருந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே பேசினார்கள்.

நடுவில் நான் அஞ்சலையிடம், உண்மையான இருபதாம் இதழ் வந்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன்.

அவர் அதைப் பார்த்ததே இல்லை என்றார். அந்தச் சமயம் அவருடைய அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போக, ஆயாக்கொட்டகையிலிருந்து பால்வெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். விடியுமுன் காட்டுக்குப் போனால் வீடு திரும்பி வேலை முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும். புத்தகம் எந்த வீட்டுக்குப் போனது, யார் படித்தார்கள் என்று கேட்க நேரமில்லை. அதோடு விட்டுப்போய்விட்டது.

மைதீன் எழுந்து மாடிக்குப் போனார். ஒரு தகரப் பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தார். சுப்பையாவின் பெட்டி, மேலே தூசி இல்லை. திறந்ததும் பாண்டான் வாசனை வந்தது. இருபதாம் இதழை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு அஞ்சலை முன்னால் வைத்தார்.

"படிங்க தங்கச்சி."

அஞ்சலை படித்தார். விரலால் கட்டம் கட்டமாகத் தொட்டுக்கொண்டு, உதடு அசைய, மெதுவாகப் படித்தார். சில இடத்தில் சிரித்தார். ஓரிடத்தில் முகத்தைச் சுளித்தார். எங்கள் தேநீரில் ஆடை கட்டியது. கல்லாவில் இருவர் பணம் கொடுக்கக் காத்திருந்தார்கள், மைதீன் கவனிக்கவில்லை. சுப்பையா மனைவியின் முகத்தை, ஏதோ முதல்முறையாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பக்கம் முடிந்தது. அஞ்சலை புத்தகத்தை மூடி, மூலை மடங்காமல் பெட்டிக்குள் வைத்தார்.

"இதுக்கு அடுத்தது இருக்கா?" என்று கேட்டார்.

மைதீன் பெட்டியைப் பார்த்தார். சுப்பையாவிடம் இருபத்தொன்று இல்லை. தன்னிடம் இருக்கிறது என்று சொல்லி, கல்லாவில் நின்றவர்களைத் தாண்டிக்கொண்டு மறுபடி மாடிப்படி ஏறினார்.